பழமொழி எது, நபிமொழி எது?

ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. மலை முஹம்மதிடம் வராவிட்டால், முஹம்மதுதான் மலையிடம் போக வேண்டும் என்பது அது. ஒருவர் நம்மைத் தேடி வரமாட்டார் என்று தெரிந்தால், நாமே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான் என்ற பொருளில் இதைச் சொல்கிறார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அலுவலகப் பேச்சிலும் செய்தித் தலைப்புகளிலும் சாதாரணமாக அடிபடும் வாசகம். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, "வாப்பா, இது எந்த ஹதீஸ்ல வருது?" என்று கேட்டால் என்ன சொல்வோம்?

எந்த ஹதீஸிலும் வரவில்லை என்பதுதான் பதில். குர்ஆனிலும் இல்லை, நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்று நூல்களிலும் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பேக்கன் 1625-இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்பில், துணிச்சலைப் பற்றிய கட்டுரையில் இந்தக் கதை வருகிறது. ஒரு குன்றைத் தம்மிடம் வரவழைத்துக் காட்டுவதாக முஹம்மது மக்களிடம் சொன்னாராம். கூப்பிட்டும் குன்று வரவில்லையாம். கொஞ்சமும் வெட்கப்படாமல், அப்படியானால் நான் அதனிடம் போகிறேன் என்றாராம். ஊரை ஏமாற்றும் போலி வைத்தியர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்துதான் பேக்கன் இந்தக் கதைக்குள் நுழைகிறார். அவருடைய நோக்கம் என்னவென்று இதிலிருந்தே தெரியும். நானூறு ஆண்டுகள் ஓடியதில் கேலி உதிர்ந்துபோய்ப் பழமொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்று அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு யாரையும் புண்படுத்தும் எண்ணம் இருக்காது.

இதைக் கேட்டு நமக்குக் கோபம் வருவது நியாயம். நம் நபி (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஆனால் அதே கேள்வியை நம் கைபேசியில் வெள்ளிக்கிழமை காலையில் வந்து விழும் செய்திகளைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். பூப்படம், பிறைப்படம், ஜும்ஆ முபாரக், அதன் கீழே ஓர் அழகான வாசகம், அதற்கும் கீழே "நபிமொழி". நூல் பெயர் இருக்காது. பல நேரம் அந்த வாசகம் அரபுப் பழமொழியாக இருக்கும். சில நேரம் மேலைநாட்டு நாட்காட்டியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கும். பேக்கன் எழுதியது இளக்காரமாக, நாம் அனுப்புவது அன்பினால். இரண்டிலும் நபி (ஸல்) அவர்களோடு தொடர்பில்லாத ஒன்று அவர்களின் பெயரால் பரவுகிறது.

ஒட்டப்பட்ட பெயர்கள்

பழமொழி என்றாலே அதற்குச் சொந்தக்காரர் இல்லை. யாரோ ஒரு கிழவி, யாரோ ஓர் உழவர் சொன்னது, ஊர் வாயில் விழுந்து தேய்ந்து மெருகேறி வந்திருக்கும். சொந்தக்காரர் இல்லாத பொருளுக்குப் பெரிய பெயர் ஒன்றை மாட்டிவிடும் ஆசை மனிதர்களுக்கு எப்போதும் உண்டு.

ஒருவனுக்கு மீனைக் கொடுப்பதைவிட மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்பதைச் சீனப் பழமொழி என்றே நாம் கேட்டிருக்கிறோம். இந்தக் கருத்து அச்சில் தெளிவாகக் கிடைப்பது, ஆன் தாக்கரே ரிச்சி என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1885-இல் வெளியிட்ட நாவலில். ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம் என்பதன் கதை இன்னும் வேடிக்கை. பிரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர், படம் போட்ட விளம்பரங்களே சிறந்தவை என்று வியாபாரிகளை நம்ப வைக்க 1921-இல் இதைப் போன்ற ஒரு வாசகத்தை அச்சிட்டார். அப்போது ஜப்பானிய ஞானி ஒருவர் சொன்னது என்று போட்டார். 1927-இல் அதையே சற்று மாற்றிப் போட்டபோது அது சீனப் பழமொழி ஆகிவிட்டது. ஆறே ஆண்டுகளில் நாடு மாறிவிட்டது!

வேதத்தின் பெயரும் இதற்குத் தப்பவில்லை. தமக்குத்தாமே உதவிக்கொள்பவர்களுக்குக் கடவுள் உதவுகிறார் என்பது பைபிள் வசனம் என்று நம்பும் கிறிஸ்தவர்கள் ஏராளம். பைபிளில் அப்படி ஒரு வசனம் இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ஆம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்தில் போட்டதால் பரவிய பழமொழி அது. கருத்து அவருக்கும் மிக முந்தியது, பழைய கிரேக்கக் கதைகளிலேயே இருக்கிறது. ஆக இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய நோய் இல்லை. ஆனால் நமக்கு இதில் பொறுப்பு கூடுதல். காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

பரக்கத் இல்லாத அவசரம்

அதற்கு முன், பழமொழிகளை நாம் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. உண்மையான பழமொழிகள் அந்தந்த மண்ணின் செல்வம். சிறுதுளி பெருவெள்ளம் என்கிறோம் நாம். துருக்கியர்கள் சொட்டுச் சொட்டாக ஏரி ஆகும் என்கிறார்கள். மலாய் மக்களோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து நாளடைவில் குன்றாகும் என்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் தண்ணீரும் இல்லை, மலையும் இல்லை. சிறிது சிறிதாகப் போட்டால் படி நிறையும் என்பது அவர்களின் பழமொழி. தானியம் அளக்கும் படி! சந்தையில் நின்று அளந்து வாங்கிய கையின் அனுபவம் அது.

அதே சுவாஹிலியில் இன்னொன்று: "ஹரக்கா ஹரக்கா ஹைனா பரக்கா." அவசர அவசரமாகச் செய்வதில் பரக்கத் இல்லை என்று பொருள். இதைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் மொழிபெயர்க்கவே தேவையில்லை. பரக்கத் என்ற அரபுச் சொல் நம் உம்மம்மாக்களின் வாயில் எப்படி ஊறியிருக்கிறதோ, அப்படியே கடல் வணிகத்தின் வழியே கென்யா, தான்சானியா கரைகளிலும் ஊறியிருக்கிறது. ஹரக்கா என்பதும் அரபுதான், அசைவு என்பது அதன் மூலப் பொருள். மலேசியாவிலிருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால், தாமதமானாலும் ஸலாமத்தாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற பொருளில் ஒரு மலாய்ப் பழமொழியைச் சொல்வார்கள். அங்கும் அந்த ஸலாமத்தே "செலாமட்" என்று வருகிறது. அவசர வேலையில் ஷைத்தான் கலந்துகொள்வான் என்பது துருக்கிப் பழமொழி. அவசரம் ஷைத்தானிடமிருந்து வருவது என்ற கருத்து திர்மிதியில் நபிமொழியாகவும் பதிவாகியிருக்கிறது, அதன் தரம் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. நாமோ பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம்.

இப்படித் தொப்புள்கொடி உறவுள்ள பழமொழிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம். அவற்றுக்குப் பெரியவர் பெயர் எதையும் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. துருக்கிப் பழமொழி, சுவாஹிலிப் பழமொழி என்று உள்ளபடி சொன்னாலே கேட்பவர்களுக்கு ஆர்வம் வரும்.

சீனா சென்றேனும்

நம் மேடைகளில் அதிகம் ஒலிக்கும் வாசகத்துக்கு வருவோம். சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள் என்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ் முஸ்லிம் பிள்ளை இருக்க முடியாது. பள்ளி ஆண்டுவிழா, கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டம், பேச்சுப் போட்டி என எங்கும் இது இருக்கும். பிற சமயத்து நண்பர்கள்கூட நம் மேடைக்கு வந்தால் மரியாதைக்காக இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

இதன் அறிவிப்பாளர் வரிசையில் அபூ ஆதிகா என்பவர் இருக்கிறார். அவருடைய அறிவிப்புகள் ஏற்கத்தக்கவை அல்ல என்ற பொருளில் இமாம் புகாரி (ரஹ்) அவரைக் குறை கூறியிருக்கிறார்கள். இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) இந்தச் செய்திக்கு அடிப்படையே இல்லை என்றார்கள். ஹிஜ்ரி 597-இல் மறைந்த பாக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்), இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டிய தம் நூலில் இதைச் சேர்த்தார்கள். இமாம் பைஹகீ (ரஹ்) சற்று மென்மையாக, வாசகம் பிரபலமானது, வரிசை பலவீனமானது என்றார்கள். பலவீனமானது என்போருக்கும் இட்டுக்கட்டப்பட்டது என்போருக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று மேடையேறி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இது நிலைபெறவில்லை.

இன்னும் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். தொட்டில் முதல் மண்ணறை வரை கல்வி தேடு என்பது அரபு உலகில் புழங்கும் நல்ல வாசகம், ஹதீஸ் இல்லை. பொறுமை விடிவின் திறவுகோல் என்பது அரபுப் பழமொழி, நம் பொறுத்தார் பூமி ஆள்வார் போல. தேசப்பற்று ஈமானில் ஒரு பகுதி என்பது சுதந்திர தின உரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. அதைத் தாம் எங்கும் கண்டதில்லை என்றும், பொருள் சரியானதே என்றும் இமாம் ஸகாவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். சுத்தத்தைப் பற்றி இரண்டு வாசகங்கள் சுற்றுகின்றன. தூய்மை ஈமானில் பாதி என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஆதாரப்பூர்வமான நபிமொழி. சுத்தம் ஈமானைச் சேர்ந்தது என்று பலகைகளில் எழுதப்படுவதற்கு அந்தச் சொற்களில் உறுதியான அறிவிப்பு இல்லை. உறுதியானது பக்கத்திலேயே இருக்க, உறுதியில்லாததை ஏன் எழுதுகிறோம் என்பது நமக்குப் புரியவில்லை.

இமாம் ஸகாவீ (ரஹ்) ஹிஜ்ரி 902-இல் மறைந்த எகிப்து நாட்டு அறிஞர். மக்கள் நாவில் ஹதீஸ் என்று புழங்குபவற்றை அரபு அகரவரிசையில் அடுக்கி, எது ஆதாரமுள்ளது, எது பலவீனமானது, எது வெறும் பழமொழி என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் 'அல்மகாஸிதுல் ஹஸனா' அவர்கள் எழுதியதுதான். பின்னர் ஹிஜ்ரி 1162-இல் மறைந்த அஜ்லூனீ (ரஹ்) அதை விரித்து 'கஷ்ஃபுல் கஃபா' எழுதினார்கள். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன. வாட்ஸ்அப் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இந்த நூல்களின் தேதியைப் பார்க்க வேண்டும்.

பொருள் நல்லதுதானே?

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் கேள்வி இது. படிக்கத்தானே சொல்கிறது, அதில் என்ன தவறு?

பொருளில் தவறில்லை. பெயரில்தான் சிக்கல். தம் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இருப்பிடத்தை ஏற்படுத்திக்கொள்ளட்டும் என்ற எச்சரிக்கையை நபித்தோழர்கள் பலர் அறிவித்திருக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் அது இருக்கிறது. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராக இருப்பதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் வருகிறது. வந்ததையெல்லாம் பார்வர்டு செய்யும் விரலுக்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை தேவையில்லை. நமக்குக் கூடுதல் பொறுப்பு என்று மேலே சொன்னது இதனால்தான். ஃபிராங்க்ளின் வாசகத்தை யாரோ பைபிள் என்றால் அது தகவல் பிழை. நமக்கோ நபிமொழி என்பது மார்க்கச் சட்டத்தின் ஆதாரம். ஹலால், ஹராம் அதிலிருந்து வருகிறது.

நல்ல நோக்கத்துக்காகவே பொய் சொன்னவர்களும் வரலாற்றில் உண்டு. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் சிறப்புகளைச் சொல்லும் செய்திகளை இட்டுக்கட்டினார் என்றும், மக்கள் குர்ஆனை விட்டு விலகுவதைக் கண்டு நன்மையை நாடியே அப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டார் என்றும் ஹதீஸ் கலை நூல்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. அவருடைய நல்ல நோக்கத்தை அறிஞர்கள் ஒரு காரணமாக ஏற்கவில்லை.

பள்ளிவாசல்களில் கதை சொல்லிக் கூட்டம் சேர்த்தவர்களைப் பற்றி இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தனி நூலே எழுதியிருக்கிறார்கள். கண்ணீர் வரவழைக்கும் கதைக்கு அன்றும் கூட்டம் அதிகம்.

சிலர் வேறொரு வாதம் வைப்பார்கள். ஞானம் இறைநம்பிக்கையாளரின் தொலைந்த பொருள், எங்கு கண்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். அந்த ஹதீஸே பலவீனமானது. திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் வரும் அதில் இப்ராஹீம் இப்னுல் ஃபழ்ல் என்ற அறிவிப்பாளர் பலவீனமானவர் என்பதை இமாம் திர்மிதியே (ரஹ்) குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பிறருடைய நல்ல சொல்லை மதிப்பதற்கு அதைவிட உறுதியான சான்று நம்மிடம் இருக்கிறது. கவிஞர் லபீத் இஸ்லாத்தைத் தழுவும் முன் பாடிய ஒரு வரியை, கவிஞர் சொன்னதிலேயே மிக உண்மையான சொல் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. லபீதின் பெயரைச் சொல்லியே பாராட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல சொல்லை ஏற்பதும் சொன்னவருக்கு அதை உரிமையாக்குவதும் அங்கே ஒன்றாகவே நடந்தன. சுவாஹிலிக்காரரின் பழமொழியை நபிமொழி என்று அனுப்பும்போது அந்த மக்களின் உரிமையும் பறிபோகிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

எதிர்த்திசையில் போனவை

நபிமொழிகளே பழமொழியாகிப் போனதும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வை என்பதை இன்று உலகம் முழுக்க அரபுப் பழமொழி என்று எழுதுகிறார்கள். இது திர்மிதியில், அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி. கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று ஒருவர் கேட்க, கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று பதில் கிடைக்கிறது. திர்மிதியின் வழியில் குறை சொல்லப்பட்டிருந்தாலும், இப்னு ஹிப்பான் (ரஹ்) வேறு வழியில் பதிவு செய்திருப்பதால் ஏற்கத்தக்கது என்று கூறும் அறிஞர்கள் உண்டு. இறைநம்பிக்கையாளர் ஒரே பொந்தில் இருமுறை கொட்டுப்பட மாட்டார் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள உறுதியான நபிமொழி. அரபு நாடுகளில் எல்லோரும் பழமொழி போலவே சொல்கிறார்கள். நாம் இதற்குப் பதிலாகச் சூடு கண்ட பூனையைக் கூப்பிடுகிறோம்.

ஹிஜ்ரி 518-இல் மறைந்த நைஸாபூர் அறிஞர் மைதானீ (ரஹ்) ஆயிரக்கணக்கான அரபுப் பழமொழிகளைத் தொகுத்த 'மஜ்மஉல் அம்ஸால்' நூலில் முதலில் வருவதே ஒரு நபிமொழிதான். பேச்சில் சூனியம் போன்ற கவர்ச்சி உண்டு என்ற பொருளுடையது. பழமொழித் தொகுப்பில் சேர்த்தபோதும் அதைச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள் என்பதையும், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

நாமெல்லோரும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஆக முடியாது, தேவையும் இல்லை. ஒரு வாசகம் நபிமொழி என்று வந்தால் எந்த நூல், என்ன எண் என்று அனுப்பியவரிடம் கேட்கலாம். வெறுமனே புகாரி என்று அடைப்புக்குறியில் போட்டிருந்தால் அது போதாது. எண் கிடைத்தும் தேடும்போது பொருந்தவில்லை என்றால் உடனே பொய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறும். ஊர் ஆலிமிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும். அதுவரை அனுப்பாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பலவீனமான செய்தியைச் சொல்ல வேண்டி வந்தால், நபி (ஸல்) சொன்னார்கள் என்று உறுதியாகச் சொல்லாமல், சொன்னதாக அறிவிக்கப்படுகிறது என்று சொல்வதே அறிஞர்களின் வழக்கம்.

பெரியவர்களைத் திருத்தும் விதத்தில் கவனம் வேண்டும். உம்மம்மா நாற்பது ஆண்டுகளாக ஒரு வாசகத்தை ஹதீஸ் என்று நம்பிச் சொல்லி வந்திருப்பார். கல்லூரியில் படிக்கும் பேரன் குடும்பக் குழுமத்தில் எல்லோர் முன்னிலையிலும் "இது இட்டுக்கட்டப்பட்டது" என்று போட்டால், அவர் அடுத்த முறை உண்மையான ஹதீஸைச் சொல்லவும் தயங்குவார். மேலே சொன்ன எச்சரிக்கை வேண்டுமென்றே பொய் சொல்பவர்களுக்கு. உம்மம்மா தம் உஸ்தாத் சொன்னதை நம்பியவர். பக்கத்தில் உட்கார்ந்து, "உம்மம்மா, இது அரபு நாட்டுப் பழமொழியாம், நல்லா இருக்குல்ல" என்று தொடங்கினால் போதும். அவர் அந்த வாசகத்தைக் கைவிடத் தேவையில்லை, முன்னால் போடும் பெயரை மட்டும் விட்டால் சரி.

சீனா வாசகத்தை விட்டுவிட்டால் மேடைக்கு என்ன மிஞ்சும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் 224-ஆம் எண்ணில் தொடங்குகிறது. அதன் தனித்தனி வழிகளில் குறை இருந்தாலும், பல வழிகளில் வருவதால் அந்த முதல் வாசகம் ஏற்கத்தக்கது என்று அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். அடுத்த மதரஸா ஆண்டுவிழாவுக்குப் பேனர் அடிக்கக் கொடுக்கும் முன் ஆலிமிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வாசகத்தின் கீழே நூல் பெயரையும் எண்ணையும் சிறிய எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தேடிப் பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு அது உதவும்.